பதினேழாம் பக்கம்

ஒருவர் கத்தினால் "ஏன் இப்படிக் கத்துறார்?" என்று முகம் சுளிப்பவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதற்காகக் கத்துகிறார் என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போன முதல் நாள் நானும் அப்படித்தான் முகம் சுளித்தேன். அதை இப்போது நினைத்தாலும் என் மேலேயே ஆத்திரமாக இருக்கிறது.

செல்போன் எல்லோர் கைக்கும் வந்துவிட்ட, ஆனால் விரலால் தேய்க்கிற போன் வந்திராத காலம். செவ்வாப்பேட்டையில் ரயில் ஏறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, கும்மிடிப்பூண்டியில் இறங்கி, அந்த இரும்புக்குழாய்த் தொழிற்சாலையின் கேட்டில் ஒன்பது மணிக்குப் போய் நின்றேன். உள்ளே விடுவதற்குச் சீட்டு அச்சடிக்கும் கம்ப்யூட்டர் உறைந்து கிடந்தது. ஐம்பது நிமிடம் நிற்க வைத்துவிட்டு, கேட்டில் இருந்தவர் நோட்டில் நான் வந்த நேரம் ஒன்பது ஐம்பது என்று எழுதினார். போனால் போகிறது என்று கையெழுத்துப் போடக் குனிந்தேன்.

"நிறுத்தும்மா, இன்னா கையெழுத்து போட்டுக்கினு கீற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முப்பத்தைந்து வயது இருக்கும். மடக்கிவிட்ட அரைக்கைச் சட்டை, ஒல்லியான தேகம், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத தொண்டை.

"பொட்டி தூங்கிட்ச்சி. அதுக்கு இந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? ஒன்பதுக்கு வந்துச்சின்னு எழுது."

"பாய், ஒரு அம்பது நிமிஷம். இதுக்குப் போயி..."

"யாரு தப்போ அவன் தலைல எழுது. அடுத்தவன் தலைல எழுதாத."

அடித்துத் திருத்தி எழுதுகிறவரை அவர் நகரவில்லை. எனக்கு நன்றியெல்லாம் தோன்றவில்லை. வந்த முதல் நாளே எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கும்படி செய்துவிட்டாரே என்று கூச்சமாக இருந்தது. இந்த ஆளோடுதான் ஆறு மாதம் எதிரெதிர் மேஜையில் உட்கார வேண்டும் என்பது அரை மணி நேரம் கழித்துத் தெரிந்தது.

தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் பாய். பழவேற்காட்டுக்காரர். குடும்பமே கருவாடு, இறால் வியாபாரம். இவர் ஒருவர்தான் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, தினமும் பைக்கில் பொன்னேரி வழியாக வந்து, அந்தத் தொழிற்சாலையின் வருகைப்பதிவு மென்பொருளைத் தனியாளாக எழுதிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யாருக்கு லேட் விழுந்தது, யாருக்குக் கேட்டின் சுழல் கதவு திறக்கும், திறக்காது என்பதெல்லாம் அந்த மென்பொருள் சொல்வதுதான்.

அது டாட் நெட் என்ற மென்பொருள் தளத்தின் பழைய பதிப்பில் இருந்தது. அதைப் புதிய பதிப்புக்கு மாற்றும் வேலை எங்கள் சென்னைக் கம்பெனிக்குக் கிடைத்து என்னை அனுப்பியிருந்தார்கள். வீடு மாறுவது போன்ற வேலைதான். மாற்றித் தருவதற்கென்று ஒரு கருவி உண்டு. பொத்தானை அழுத்தினால் பாதிச் சாமானை அதுவே வண்டியில் ஏற்றிவிடும். மீதியை ஆள் கையால் எடுத்து வைக்க வேண்டும். எது வேண்டும், எது குப்பை என்று பிரிப்பதும் அந்த ஆளின் வேலை. அந்த ஆள் நான்.

அவர் எழுதிய நிரலைத் திறந்தால் அதற்குள்ளும் அவர் கத்திக்கொண்டிருந்தார். நிரலுக்கு நடுவே குறிப்பு எழுதுவது எல்லோருக்கும் உள்ள வழக்கம். 'இங்கே கூட்டுகிறோம்', 'இங்கே கழிக்கிறோம்' என்று ஒரு வரி எழுதுவோம். இவர் ஆங்கில எழுத்தில் தமிழை வைத்துச் சண்டை போட்டிருந்தார். ஓர் இடத்தில் ஏழெட்டு வரிக்கு இருந்தது: "இதைத் தொடாதே. அமிலத்தில் குழாய் கழுவுகிற பெண்களுக்கு விரல் ரேகை தேய்ந்துவிட்டது. ரேகை மெஷின் அவர்களை ஆளே இல்லை என்கிறது. அவர்களுக்கு மட்டும் கார்டு நம்பரை அடித்தால் திறக்கும். இதை எடுத்தால் நீ மனுஷனே இல்லை."

சிரித்துவிட்டேன். "பாய், இதெல்லாம் நிரல்ல எழுதுவாங்களா?"

"நீ சிரி. கைய தேய வெச்சதே இந்த கம்பெனி. தேஞ்சிட்ச்சின்னு உள்ள வுட மாட்டானாம். ஆறு மாசம் மேல போயி கத்தி, ஆர்டர் வாங்கி, அப்பறம்தான் அத்த எழுதினேன். ஒரு ஒரு வரியும் சண்ட போட்டு வாங்கினதும்மா. எடுக்கறதுக்கு முன்னாடி என்னக் கேளு. எது இருந்தாலும் கேளு."

சரி என்றேன். ஆனால் அவரிடம் எதையாவது கேட்பது லேசான காரியம் இல்லை. ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் பதில் வரும், அதில் இருபது நிமிடம் யாரையாவது திட்டுவார். கேன்டீனில் அதிகாரிகளுக்கு முதலில் டீ ஊற்றியதற்காக டீ மாஸ்டரோடு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அவருக்கென்று தனியாக எடுத்து வைத்த டீயையும் தொடவில்லை. வரிசையில் கடைசியாக நின்று, ஆறிப்போனதைக் குடித்துவிட்டு, ஆறிப்போச்சு என்று அதற்கும் ஒரு கத்து. எதிர் மேஜையில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது பெரிய பேஜாராக இருந்தது. கேட்க வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன். அப்படி ஒரு நாள் வரவேயில்லை.

பட்டியலில் 'பக்கம் பதினேழு' என்று ஒன்று இருந்தது. மென்பொருளில் எந்த மெனுவிலிருந்தும் அதற்கு வழி கிடையாது. என்னென்ன வேண்டும் என்று தொழிற்சாலை எழுதிக் கொடுத்திருந்த தேவை ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. திறந்தால் வெள்ளைத் திரையில் ஒரே ஒரு கட்டம், பக்கத்தில் 'நிமிடம்' என்ற சொல், கீழே 'சேமி'. மற்ற இடங்களிலெல்லாம் தொண்டை கிழியக் கத்தியிருந்த மனிதர் இங்கே ஒரு குறிப்பும் எழுதவில்லை. எப்போதோ சோதனைக்குப் போட்டு மறந்துபோன பக்கம் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட குப்பை எல்லா மென்பொருளிலும் கிடக்கும்.

நவம்பரில் அவருடைய தங்கைக்கு நிக்காஹ். ஒரு வாரம் விடுப்பில் கிளம்பும்போது எல்லோருக்கும் பத்திரிகை கொடுத்தார். என் மேஜையில் வைத்துவிட்டு, "புதுசுக்கு மாத்தறது நான் வந்தப்பறம்தானே?" என்றார்.

"ஆமா பாய். அடுத்த மாசம்தான்."

நான் சொன்னது அப்போது உண்மைதான். மறுநாள் அது மாறிவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் பார்வையிட வருகிறார்களாம். அவர்களுக்குப் புதிய மென்பொருளைக் காட்ட வேண்டுமாம். எங்கள் புராஜெக்ட் மேனேஜர் சென்னையிலிருந்து போன் செய்து, "திங்கட்கிழமை காலையில் புதுசு ஓடணும். ஆவணத்தில் இருக்கிறதை மாற்று, இல்லாததை எடுத்துடு" என்றார். பாயின் நம்பர் என்னிடம் இருந்தது. நிக்காஹ் வீட்டில் தொந்தரவு செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கத்து வாங்காமல் வேலை முடிகிறதே என்று உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தேன். பதினேழையும் எடுத்தேன்.

ஆவணத்தில் இருந்த விதிகளை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். மூன்று முறை தாமதமானால் நான்காம் முறை கதவு திறக்காது. ஒப்பந்தத் தொழிலாளியானால், வேறு ஆளை அனுப்பச் சொல்லி, பெயர் ஒப்பந்தக்காரருக்குப் போய்விடும். மேனேஜர் நிலைக்கு மேல் உள்ளவர்களுக்கு எத்தனை மணிக்கு வந்தாலும் தாமதம் என்ற பேச்சே கிடையாது. அந்தக் கடைசி விதியை மூன்று முறை சோதித்துப் பார்த்தேன். பெரியவர்கள் வருகிற அன்று ஏதாவது தவறு நடந்துவிடக்கூடாதே.

திங்கட்கிழமை காலையில் புதியது ஓடியது. அன்றைக்கே மழையும் பிடித்துக்கொண்டது. எண்ணூரைத் தாண்டியதும் ரயில் நின்று நின்று வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் காலை முதல் வண்டி தாமதம். வியாழக்கிழமையும் தாமதம்தான். எட்டே முக்காலுக்கு நான் போனபோது கேட்டுக்கு வெளியே மழையில் பத்துப் பதினைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பேக்கிங் பிரிவில் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்கள். முன்னால் நின்றவள் தேவகி. அத்திப்பட்டிலிருந்து வருபவள், இரண்டு பிள்ளைகள், வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். மத்தியானம் கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள்.

"மேடம், செவப்பு லைட்டு போட்டுக்கினே கீது. கதவு தெறக்கல. பாய் எங்க மேடம்?"

"லீவு. ஏன் தேவகி?"

"ரயிலு லேட்டானா பாய் தான் கம்ப்யூட்டர்ல போடுவாரு. எங்களுக்கு லேட்டு வுழாது. இப்ப யாரு போடறது?"

அந்த வெள்ளைத் திரையும் ஒற்றைக் கட்டமும் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மழையில் நின்றுகொண்டே தேவகி மீதியையும் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன்னால், தாமதத்துக்காகச் சிலரை வேலையை விட்டு நிறுத்தியபோது, பாய் நேராகக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குப் பைக்கில் போயிருக்கிறார். அவர் ஒரு நாளும் அந்த ரயிலில் வருபவர் இல்லை. உள்ளே போய், "தாமதத்துக்கு வருந்துகிறோம்னு மைக்ல சொல்ற இல்ல, அத்த எழுதிக் குடு" என்று நின்றிருக்கிறார். எழுதித் தர முடியாது என்றிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் அங்கே இருந்த ஒருவர், "எழுத்தெல்லாம் வேணாம் பாய், காலைல போன் பண்ணுங்க, நெஜத்த சொல்றேன்" என்றாராம். அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு போன். எத்தனை நிமிடம் தாமதமோ அது அந்தக் கட்டத்துக்குள் போகும். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் முகவரிக்காரர்களுக்கு அத்தனை நிமிடம் தள்ளிக் கொடுக்கும். சொன்னதற்கு மேல் ஒரு நிமிடம்கூடக் கூட்டிப் போட்டதில்லையாம். தூங்கிவிட்டு லேட்டாக வந்தவளுக்கு லேட் விழுந்தது, அவளும் பாயிடம் திட்டு வாங்கினாள்.

உடனே மனிதவள மேனேஜரிடம் ஓடினேன். பெயர்ப் பட்டியல் ஒப்பந்தக்காரருக்குப் போய்விட்டது, மதியத்துக்குள் வேறு ஆட்கள் வந்துவிடுவார்கள் என்றார். "சிஸ்டம் சொன்னதும்மா. நாம என்ன பண்ண முடியும்?" என்று என்னிடமே கேட்டார். அந்த சிஸ்டத்தை நாலு நாளைக்கு முன் என் கையால் ஏற்றி வைத்தவளிடம்!

சனிக்கிழமை, விடுப்பு முடியும் முன்பே, பாய் வந்துவிட்டார். தேவகி ஆள் அனுப்பியிருக்கிறாள். கையில் மருதாணிச் சிவப்பு போகவில்லை. என் எதிரில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தார். அந்தப் பக்கத்தின் முகவரியை அடித்தார். பக்கம் இல்லை என்று திரை சொன்னது.

"பதினேழு எங்கம்மா?"

"எடுத்துட்டேன் பாய். எங்கேயிருந்தும் லிங்க் இல்ல. ஆவணத்துல இல்ல. அதனால..."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை.

"மொதல்ல ஆர்டர்தான் கேட்டேம்மா. ஒரு வருசம் ஃபைல் சுத்திச்சி. தொழிலாளி எப்டி வந்து சேர்றான்றது கம்பெனி பொறுப்பு இல்லன்னு எழுதி அனுப்சிட்டான். அதான் சொல்லாம போட்டேன். நெறைய எழுதினா எவன் கண்ணுலயாவது படும்னு ஒண்ணும் எழுதல. ஒரு வாரந்தானே, மூணு லேட்டு வரைக்கும் தாங்கும், வந்து சரி பண்ணிக்கலாம்னு பூட்டேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

யாருடைய தப்பையும் இன்னொருவர் தலையில் எழுத விடாத மனிதர், என்னுடையதைத் தன் தலையில் எழுதிக்கொண்டார். அந்த நிமிடம் நான் "இல்லை பாய், என் தப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். மேஜைமேல் கிடந்த பட்டியலை எடுத்து டிராயருக்குள் தள்ளினேன்.

அவர் எழுந்து நேராக மனிதவள மேனேஜர் அறைக்குப் போனார். பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்படி ஒரு பக்கம் இருந்த தடயத்தைத்தான் நானே அழித்துவிட்டேனே. போய்ச் சொன்னார். மூன்று வருடமாக ரயில் தாமதத்தை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன், இந்த நாலு நாளும் ரயில்தான் லேட், ஆள் லேட் இல்லை, அந்தப் பெண்களைத் திரும்ப எடுங்கள் என்று. பெண்களைத் திரும்ப எடுக்கவில்லை. அனுமதியில்லாமல் வருகைப்பதிவைத் திருத்தினார் என்று அவர் மேல் விசாரணை வைத்தார்கள்.

விசாரணை புதன்கிழமை பத்து மணிக்கு. சாட்சி நான். பத்து மணிக்கு பாய் வந்து உட்கார்ந்தார், நான் உட்கார்ந்தேன். மனிதவள மேனேஜர் பத்தே முக்காலுக்கு வந்தார். கார் சாவியை மேஜையில் போட்டுவிட்டு, "ஹைவேல செம டிராஃபிக். என்ன பண்றது, நம்ம கையிலயா இருக்கு?" என்றார். பாய் என்னைப் பார்த்தார். அவர் சிரித்தாரா என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.

"பதினேழாம் பக்கத்துக்கு அனுமதி இருந்ததா?" என்று என்னிடம் கேட்டார்கள்.

"இல்லை."

"ஆவணத்தில் இருந்ததா?"

"இல்லை."

"போதும். நீங்க போகலாம்."

போகலாம் என்றதும் எழுந்துவிட்டேன். அதில் ஒரு நிமிடமாவது பொய்யாகப் போடப்பட்டதா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நான் சொல்லியிருக்கலாம். அவர் ஒருவர் சொல்லாமல் இருந்ததுண்டா? கதவைச் சாத்தும்போது உள்ளே அவர் குரல் கேட்டது. "நான் போட்டது தப்பு, ஒத்துக்கறேன் சார். அன்னிக்கி ரயிலு லேட்டா இல்லியா, அத்த மட்டும் சொல்லுங்க."

அவரையே ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கிளம்புகிற அன்று மீந்துபோன கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்புறம் ஒரு போன் நம்பரை எழுதி என் மேஜையில் வைத்தார்.

"ஸ்டேஷன் நம்பரு. காலைல ஆறரைக்குப் பண்ணு. எடுக்கலன்னா வுடாத, திரும்பப் பண்ணு. ஒரு கட்டம் போதும்மா. ஒரே ஒரு கட்டம்."

"சரி பாய்" என்றேன்.

நானும் கேட்டுப் பார்த்தேன். ரயில் தாமதத்துக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று முறையாக எழுதி எங்கள் மேனேஜருக்கு அனுப்பினேன். இது ஒப்பந்தத்தில் இல்லாத வேலை, வாடிக்கையாளர் கேட்டால் பார்க்கலாம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. மனிதவள மேனேஜரிடம் கேட்டேன். இந்தப் பேச்சே வேண்டாம் என்றார். அந்தப் பக்கத்தின் பழைய பிரதி என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருந்தது. யாருக்கும் சொல்லாமல் திரும்பப் போட அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவர் மூன்று வருடம் செய்ததை நான் ஒரு நாள் செய்யவில்லை. எனக்கு வேலை போய்விடும் என்று பயமாக இருந்தது. இதைப் பெரிய நியாயம் போலச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேக்கிங்கில் புதிய பெண்கள் வந்திருந்தார்கள். அவர்களும் அதே அத்திப்பட்டு, அதே மீஞ்சூர், அதே முதல் வண்டிதான். அதில் ஒருத்திக்கு அதற்குள் இரண்டு லேட் விழுந்திருந்தது.

டிசம்பரில் ஒரு காலை, செவ்வாப்பேட்டை நடைமேடையில் நின்றிருந்தேன். நல்ல மழை. எங்கள் பக்கத்து வண்டியே தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஆறரை. ஏன் செய்தேன் என்று தெரியவில்லை, பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்து நம்பரை அடித்தேன். இரண்டு முறை யாரும் எடுக்கவில்லை. வுடாத என்றாரே என்று மூன்றாம் முறை அடித்தேன். எடுத்தவர் நான் வாய் திறப்பதற்குள் பேசிவிட்டார்.

"பாய், எங்க போய்ட்ட? மூணு வாரமா போனே காணோம். இன்னிக்கி பன்னெண்டு நிமிசம். போட்டுக்கோ."

பாய் இல்லை என்று அவரிடம் சொல்ல முடியவில்லை. "சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். பத்திரிகையின் பின்னால், அந்த நம்பருக்குக் கீழே, பன்னிரண்டு என்று எழுதிக்கொண்டேன். அதைப் போடுவதற்கு எங்கேயும் நான் ஒரு கட்டம் விட்டு வைத்திருக்கவில்லை.